நிலப் பத்திரத்தை எடுக்கும் முன் அந்த நோட்டை எடுங்கள்

வாசகர் கடிதம்:

"அக்கா, எனக்கு ஊர் கன்னியாகுமரி மாவட்டம் குலசேகரம் பக்கம். கிள்ளிகுளம் வேளாண் கல்லூரியில் பி.எஸ்சி. வேளாண்மை கடைசி வருடம் படிக்கிறேன். ஓஜிபிஏ, அதாவது மொத்தத் தரப்புள்ளி, பத்துக்கு 7.9. அப்பாவுக்கு ஒன்றரை ஏக்கர் ரப்பர் உண்டு, வேறு தோட்டத்திலும் பால் வெட்டப் போவார். அம்மாவுக்கு அண்டி ஆபீசில், அதாவது முந்திரி ஆலையில், வேலை. எனக்கு வேளாண் பொருளாதாரத்தில் வெளிநாட்டில் மாஸ்டர்ஸ் படிக்க ஆசை. நாகர்கோவிலில் ஒரு ஏஜென்சியில் விசாரித்தோம். இங்கிலாந்தில் ஒரு வருடப் படிப்பு, எல்லாம் சேர்த்து 28 லட்சம், இந்த மாதத்துக்குள் முன்பணம் கட்டினால் சீட் உறுதி என்கிறார்கள். அப்பா நிலத்தை பேங்கில் வைக்கலாம் என்கிறார். மாமா பேங்க் தேர்வு எழுதச் சொல்கிறார். பிளஸ் டூவில் நான் கணக்குப் பாடம் எடுக்கவில்லை, அந்தப் பயம் வேறு. அப்பா 2009 முதல் தினமும் எத்தனை ரப்பர் ஷீட், என்ன விலை என்று நோட்டில் எழுதி வைப்பார். அதைப் பார்த்துத்தான் இந்தப் பாடத்தில் ஆர்வம் வந்தது. ஏன் படிக்க வருகிறேன் என்று விண்ணப்பத்தோடு வைக்கும் நோக்கக் கடிதம் ஒன்று எழுதிப் பார்த்தேன், இணைத்திருக்கிறேன். என்ன செய்யலாம், சொல்லுங்கள்."

பதில்:

தங்கச்சி, முதலில் அந்த முன்பணத்தைக் கட்டாதீர்கள். மற்றதை நிதானமாகப் பேசலாம்.

வேளாண் பொருளாதாரம் படிக்கப் போகிறவர் நீங்கள். அதனால் இந்த 28 லட்சத்தையே முதல் வீட்டுப்பாடமாக எடுத்துக்கொள்வோம். வட்டி 10 சதவீதம் என்று வைத்தால் வருடத்துக்கு 2 லட்சத்து 80 ஆயிரம். உங்கள் ஒன்றரை ஏக்கரில், ஏக்கருக்கு வருடம் 600 கிலோ என்று சராசரி விளைச்சல் வைத்தால் 900 கிலோ ஷீட். கிலோ 180 ரூபாய்க்குப் போனால் 1 லட்சத்து 62 ஆயிரம். ஆசிட், உரம், மழைக்காப்பு பிளாஸ்டிக் எதையும் இன்னும் கழிக்கவில்லை. தோட்டம் மொத்தமாகத் தருகிற பணம் வட்டிக்கே காணாது, அசல் அப்படியே நிற்கும். படிக்கும் காலத்தில் தவணை கட்ட வேண்டாம் என்று ஏஜென்சியில் சொல்லியிருப்பார்கள். தவணைக்குத்தான் விடுமுறை, வட்டி ஏறிக்கொண்டே இருக்கும். உங்களுக்கு அங்கே உடனே வேலை கிடைத்தால்தான் இந்தக் கணக்கு நேராகும். அந்த ஒரு 'கிடைத்தால்' மேல் அப்பாவின் மரம் அத்தனையையும் கொண்டு வைக்க எனக்கு மனசு வரவில்லை.

பொதுத்துறை வங்கிகளின் கல்விக் கடனில் ஏழரை லட்சம் வரை சொத்து ஈடு இல்லாமல் வாங்க வழி உண்டு. அதைத் தாண்டும்போதுதான் பத்திரத்தைக் கேட்பார்கள். ஆகவே பத்திரம் பெட்டிக்குள்ளேயே இருக்கும் மாதிரி ஒரு படிப்பைத் தேடுவோம். இருக்கிறது. ஏஜென்சிக்காரர்கள் அதைப் பற்றி வாய் திறக்காததற்குக் காரணம் எளிது. அவர்களுக்குக் கமிஷன் தருவது கட்டணம் வாங்கும் பல்கலைக்கழகங்கள். கட்டணமே வாங்காத இடம் எதைக் கமிஷனாகத் தரும்? இங்கிலாந்துப் படிப்பு மட்டம் என்று நான் சொல்லவில்லை. ரெடிங் பல்கலைக்கழகத்தில் இந்தப் பாடத்துக்கு நல்ல மரபு உண்டு. உங்கள் வீட்டுக் கணக்குக்கு அது பொருந்தவில்லை, அவ்வளவுதான்.

பொருந்துகிற இடங்களைச் சொல்கிறேன். எராஸ்மஸ் முண்டஸ் என்று ஐரோப்பிய ஒன்றியம் நடத்தும் கூட்டுப் படிப்புகள் உண்டு. இரண்டு வருடத்தில் குறைந்தது இரண்டு நாட்டிலாவது படிப்பீர்கள். இதில் நம் பாடத்துக்கு நெருக்கமானவை இரண்டு. ஒன்று, பெல்ஜியத்தின் கென்ட் பல்கலைக்கழகம் முன்னின்று நடத்தும் ஊரக வளர்ச்சி மாஸ்டர்ஸ். இன்னொன்று, ஜெர்மனியின் பான், சுவீடனில் உப்சாலாவில் உள்ள வேளாண் பல்கலைக்கழகம், பெல்ஜியத்தின் லூவான், இத்தாலியின் கத்தோலிக்கப் பல்கலைக்கழகம் சேர்ந்து உருவாக்கிய வேளாண், உணவு, சுற்றுச்சூழல் கொள்கை ஆய்வுப் படிப்பு. உதவித்தொகை கிடைத்தால் கட்டணம் கிடையாது, கைச்செலவுக்கு மாதம் 1,400 யூரோ, 24 மாதத்துக்கு. அந்த வருடம் உதவித்தொகை இடங்கள் உண்டா என்று படிப்பின் சொந்த அறிவிப்பில் பார்த்துக்கொள்ளுங்கள். விண்ணப்பம் பொதுவாக அக்டோபரில் திறந்து ஜனவரி வாக்கில் மூடும். கடைசி வருடத்தில் இருக்கும்போதே போடலாம். போட்டி கடுமை, உலகம் முழுவதிலிருந்தும் வரும். இருந்தாலும் உங்களை மாதிரி நிலமும் நோட்டும் உள்ள பிள்ளைகளைத்தான் அவர்கள் தேடுகிறார்கள்.

(ஊரக வளர்ச்சி படிக்க கென்ட் போவது நம் மாவட்டத்துப் பிள்ளைக்கு ஒரு வேடிக்கையும்கூட. அந்தத் துறையின் தொடக்ககாலப் பரிசோதனைகளில் ஒன்று மார்த்தாண்டத்தில் நடந்தது. 1920களில் ஒய்எம்சிஏ சார்பில் ஸ்பென்சர் ஹாட்ச் என்ற அமெரிக்கர் வந்து தேனீ, முட்டை என்று சிறு விவசாயிகளைக் கூட்டி விற்கப் பழக்கினார். மார்த்தாண்டம் தேனுக்கு இருக்கும் பெயரில் அதற்கும் பங்குண்டு.)

அப்புறம் ஜெர்மனி. அங்கே பெரும்பாலான அரசுப் பல்கலைக்கழகங்களில் படிப்புக் கட்டணம் இல்லை, பருவத்துக்கு ஒரு சிறு தொகைதான். பான், கோட்டிங்கன் இரண்டிலும் வேளாண் பொருளாதாரம் சார்ந்த மாஸ்டர்ஸை ஆங்கிலத்திலேயே படிக்கலாம். ஸ்டுட்கார்ட்டில் உள்ள ஹோஹென்ஹைம் இந்தப் பாடத்தில் பெயர் பெற்ற இடம். ஆனால் அது இருக்கும் மாநிலம் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருவோரிடம் பருவத்துக்கு 1,500 யூரோ வாங்குகிறது. விசாவுக்கு ஒரு வருடச் செலவை முடக்கக் கணக்கில் போட்டுக் காட்ட வேண்டும். 2024 செப்டம்பர் முதல் அது 11,904 யூரோ. ஒரு யூரோ 100 ரூபாய் என்று வைத்தால் 12 லட்சத்துக்குப் பக்கம். பயப்படாதீர்கள், அது கட்டணம் இல்லை. உங்கள் பணமே மாதம் 992 யூரோவாக உங்களுக்குத் திரும்பி வரும். ஈடில்லாக் கடன் ஏழரை லட்சம் போக மீதி நாலரை லட்சத்தை வீட்டில் புரட்ட முடியுமா என்பதுதான் கேள்வி. 28 லட்சத்தோடு ஒப்பிட்டால் இது பேசக்கூடிய தொகை. வருடத்துக்கு 140 முழுநாள் வரை வேலை பார்க்கவும் அனுமதி உண்டு. இரண்டாம் வருடச் செலவை அதில்தான் பலரும் சமாளிக்கிறார்கள். முதல் பருவத்தில் வேலைக்குப் போகலாம் என்று மட்டும் கணக்குப் போடாதீர்கள். ஏன் என்று கீழே சொல்கிறேன். இந்திய மாணவர்களுக்கு, படிப்புச் சான்றுகளைச் சரிபார்த்துத் தரும் ஏபிஎஸ் சான்றிதழ் கட்டாயம். அது கைக்கு வர நாள் பிடிக்கும், முதலிலேயே விண்ணப்பித்துவிடுங்கள்.

உங்கள் 7.9 அங்கே என்னவாகும்? ஜெர்மனியில் மதிப்பெண் தலைகீழ். 1 உச்சம், 4 என்றால் தப்பிப் பாஸ். மாற்றுவதற்கு ஒரு சூத்திரம் வைத்திருக்கிறார்கள். உச்ச மதிப்பெண்ணிலிருந்து உங்களுடையதைக் கழித்து, உச்சத்துக்கும் பாஸ் மதிப்பெண்ணுக்கும் உள்ள வித்தியாசத்தால் வகுத்து, மூன்றால் பெருக்கி, ஒன்றைக் கூட்ட வேண்டும். உச்சம் 10, பாஸ் 5 என்றால் உங்களுக்கு 2.26 வரும். கௌரவமான எண். தைரியமாகப் போடலாம்.

இந்தத் தலைகீழ் மதிப்பெண்ணால் நான் பட்டதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. நான் தோவாளைக்காரி. ஜெர்மனியில் ஒரு பல்கலைக்கழகத்தில் முதல் பருவம், நுண்பொருளியல் தேர்வு. பலகையில் என் எண்ணுக்கு நேரே 5.0 என்று போட்டிருந்தது. பத்துக்கு ஐந்து, சரி, பாஸாகிவிட்டோம் என்று கடையில் போய் ஒரு கேக் வாங்கிக்கொண்டு விடுதிக்கு வந்தேன். பக்கத்து அறை கானா நாட்டுப் பெண்தான் விளக்கினாள், 5.0 என்றால் பெயில் என்று. கேக்கை இருவரும் சாப்பிட்டோம், அவளுக்கும் 5.0.

தோற்றதற்குக் காரணம் கணக்கு. உங்கள் பயம் நியாயமானது, அதைச் சும்மா தட்டிக்கொடுத்து அனுப்ப மாட்டேன். நம் பி.எஸ்சி.யில் பொருளாதாரத் தாள்கள் நான்கைந்து இருந்தாலும் அவற்றில் வரையறையும் வகைகளும்தான் அதிகம். அங்கே முதல் வாரமே வகையிடலும் அணிகளும் ரிக்ரஷனும் வரும். யாரும் அடிப்படையிலிருந்து சொல்லித்தர மாட்டார்கள்.

இதற்கு நான் சொல்லும் மருந்து யாருக்கும் பெருமையாகத் தோன்றாது. நம் தமிழ்நாட்டுப் பாடநூல் கழகத்தின் பிளஸ் ஒன், பிளஸ் டூ வணிகக் கணிதப் புத்தகங்கள். பியூர் சயின்ஸ் படித்த நீங்கள் அவற்றைத் திறந்திருக்க வாய்ப்பில்லை. அணிகள் அதில் இருக்கின்றன, வகையிடல் இருக்கிறது, அதை வைத்துத் தேவை நெகிழ்ச்சி, அதாவது விலை மாறினால் தேவை எவ்வளவு மாறும் என்று கண்டுபிடிப்பதும் இருக்கிறது. பிளஸ் டூ புத்தகத்தில் தொகையிடலை வைத்து நுகர்வோர் உபரி போடச் சொல்லியிருப்பார்கள். ஐரோப்பாவில் முதல் பருவத்தில் தேவைப்படும் கணக்கில் பெரும்பகுதி இதுதான். இணையத்தில் காசில்லாமல் கிடைக்கிறது. தினம் ஒரு மணி நேரம், ஆறு மாதம். ஒவ்வொரு பயிற்சியையும் கையால் போடுங்கள். பார்த்துப் புரிந்துகொள்வது இதில் செல்லாது.

போடும்போது உங்கள் தோட்டத்தை மனதில் வைத்துக்கொண்டு போடுங்கள். ஒன்றுவிட்ட ஒருநாள் வெட்டினால் மாதம் 15 வெட்டு. மூன்று நாளுக்கு ஒருமுறை என்று மாற்றினால் 10. கூலி மூன்றில் ஒரு பங்கு குறையும், பால் அந்த அளவுக்குக் குறையாது. மரத்துக்கு ஓய்வு கிடைப்பதால் ஒரு வெட்டுக்குச் சிரட்டையில் விழுவது கொஞ்சம் கூடும். அப்படியானால் அந்த ஐந்து வெட்டால் கூடுதலாக வரும் ஷீட்டின் விலை, ஐந்து நாள் கூலியைத் தாண்டுகிறதா? கிலோ 240 ரூபாய் விற்கும்போது தாண்டலாம், 100க்கு வந்தால்? புத்தகத்தில் 'இறுதிநிலை' என்று வரும் இடத்தில் எல்லாம் இந்த ஐந்து வெட்டை நினைத்துக்கொள்ளுங்கள்.

இனி உங்கள் நோக்கக் கடிதம். விண்ணப்பங்களைப் படித்துத் தரம் போடும் குழு ஒன்றில் சில வருடம் இருந்தவள் என்ற உரிமையில் சொல்கிறேன், கோபப்படாதீர்கள். "சிறு வயது முதலே எனக்கு விவசாயத்தின் மீது தீராத ஆர்வம்" என்று தொடங்குகிறது. இப்படித் தொடங்கும் கடிதத்தை ஒரே மாலையில் நாற்பது படித்திருக்கிறேன். இரண்டாம் பத்தியில் உலக மக்கள்தொகை, மூன்றாவதில் பருவநிலை மாற்றம், நான்காவதில் அந்தப் பல்கலைக்கழகத்தின் பெருமை. குலசேகரம் எங்கே? ரப்பர் எங்கே? எனக்கு எழுதிய கடிதத்தில் போகிறபோக்கில் ஒரு வரி எழுதினீர்களே, அப்பாவின் நோட்டு, அது நோக்கக் கடிதத்தில் ஒரு இடத்திலும் இல்லை!

அந்த நோட்டு என்ன என்று உங்களுக்கே தெரியவில்லை என்று நினைக்கிறேன். 2009 முதல் ஒரே தோட்டம், ஒரே ஆள், தினசரிப் பதிவு. ஆய்வாளர்கள் இந்த மாதிரி ஒன்றுக்காக ஊர் ஊராக அலைவார்கள். அதற்குள் என்னென்ன நடந்திருக்கிறது பாருங்கள். 2011ல் ஆர்எஸ்எஸ்-4 என்ற தரத்து ஷீட் கிலோ 240 ரூபாய் வரை போனது. 2016 தொடக்கத்தில் 100க்குக் கீழே இறங்கியது. 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி புயல் வந்து நம் பக்கத்து மரங்களை முறித்துப் போட்டது. ஏறிய விலை, இறங்கிய விலை, முறிந்த மரம், மூன்றையும் ஒரே கையெழுத்தில் பார்க்கலாம்.

இப்போது ஒரு வேலை செய்யுங்கள். நோட்டைக் கணினியில் ஏற்றுங்கள். தேதி, வெட்டினாரா இல்லையா, ஷீட் எத்தனை, ஒட்டுப்பால் (சிரட்டையிலும் பட்டையிலும் உறைந்துபோன பால்) எத்தனை கிலோ, கடையில் கொடுத்த விலை. மாதத்துக்கு எத்தனை வெட்டு என்று கூட்டி, பக்கத்தில் அந்த மாத விலையை வையுங்கள். விலை இறங்கியபோது அப்பா வெட்டைக் குறைத்தாரா? பாடப்புத்தகம் குறைத்திருப்பார் என்று சொல்லும். பெரிய எஸ்டேட்டுகளில் விலை விழுந்தால் கூலி கட்டாது என்று மரத்தைச் சும்மா விட்டுவிடுவதை நீங்களே பார்த்திருப்பீர்கள். அப்பா அப்படிச் செய்திருக்க மாட்டார் என்பது என் ஊகம். இன்னும் ஒன்றைப் பாருங்கள். செலவுப் பக்கத்தில் ஆசிட் இருக்கும், உரம் இருக்கும். அதிகாலையில் தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு போய் வெட்டினாரே, அதற்குத் தன் பெயரில் ஒரு ரூபாயாவது கூலி எழுதியிருக்கிறாரா? எழுதியிருக்க மாட்டார்.

இப்படிக் கூலி எழுதாத கணக்குகளிலிருந்துதான் ஒரு பெரிய வாதமே பிறந்தது. ரஷ்யாவில் அலெக்சாண்டர் சாயனோவ் என்ற வேளாண் பொருளாதார அறிஞர், விவசாயக் குடும்பங்களின் வரவுசெலவைத் திரட்டிப் பார்த்துவிட்டு 1920களில் ஒன்றைச் சொன்னார். குடும்ப உழைப்பில் நடக்கும் பண்ணை முதலாளியின் கணக்குப்படி நடக்காது, கூலி என்ற வரியே அதில் இல்லை, வீட்டுத் தேவைக்கும் உடம்பு நோவுக்கும் நடுவில்தான் அது முடிவெடுக்கிறது என்று. ஸ்டாலின் ஆட்சியில் அவரைக் கைது செய்து, 1937ல் சுட்டுக் கொன்றார்கள். அவர் வாதம் பிழைத்துக் கிடக்கிறது, இன்றும் அதை ஏற்றும் மறுத்தும் எழுதிக்கொண்டிருக்கிறார்கள். சாயனோவ் சொன்னது குலசேகரத்து ரப்பரில் சரிதானா என்று சோதிக்க உங்களிடம் 2009 முதல் தரவு இருக்கிறது. நோக்கக் கடிதத்தில் இதை எழுதுங்கள். ஒரு பக்கம் போதும். விடை தெரிந்த மாதிரி எழுத வேண்டாம், அப்பா ஏன் அப்படிச் செய்தார் என்று எனக்குக் கணக்கால் காட்டத் தெரியவில்லை, அதற்குத்தான் வருகிறேன் என்று எழுதினால் படிப்பவர் நிமிர்ந்து உட்காருவார்.

ஐரோப்பாவோடு முடிச்சுப் போட வேண்டும் என்றால் அதற்கும் வழி இருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியம் 2023ல் ஒரு காடழிப்புத் தடைச் சட்டம் போட்டது. 2020 டிசம்பர் 31க்குப் பிறகு காட்டை அழித்த நிலத்தில் விளைந்த பொருள் அங்கே நுழையக் கூடாது. ஏழு பொருட்களில் ரப்பரும் ஒன்று. விளைந்த தோட்டம் பூமியில் எந்த இடம் என்று அட்சரேகை, தீர்க்கரேகையோடு காட்ட வேண்டும். நடைமுறைக்கு வரும் தேதியைத் தள்ளிப்போட்டுக்கொண்டே இருக்கிறார்கள், அது வேறு. ஆனால் உங்கள் ஒன்றரை ஏக்கர் ஷீட் கடைக்காரர் வழியாக டயர் கம்பெனிக்குப் போய், அந்த டயர் ஐரோப்பாவுக்குக் கப்பல் ஏறினால், இந்த ஆவணத்துக்கு ஆகும் செலவு யார் தலையில் விடியும்? கடைக்காரர் கிலோவுக்கு இரண்டு ரூபாய் பிடித்துக்கொள்வாரா? பிரஸ்ஸல்ஸில் போடும் சட்டத்தை அங்கேயே உட்கார்ந்து படித்துவிட்டு, அது எங்கள் ஊர் ஷீட் கடையில் என்ன செய்கிறது என்று பார்ப்பேன் என்று நீங்கள் சொன்னால், அங்கே போய்ப் படிப்பதற்கு ஒரு காரணம் இருக்கிறது.

மாமாவிடம் மல்லுக்கு நிற்காதீர்கள். வங்கிகளின் வேளாண் கள அலுவலர் தேர்வை எழுதுங்கள், நபார்டு தேர்வையும் எழுதுங்கள். உதவித்தொகை முதல் வருடமே கிடைக்காமல் போனால் வேலைக்குப் போவதில் இழப்பு ஒன்றும் இல்லை. ஜெர்மனியின் கல்விப் பரிமாற்ற அமைப்பான டாட் (DAAD) வளரும் நாடுகளுக்காகத் தரும் உதவித்தொகை ஒன்றுக்குத் துறை சார்ந்த இரண்டு வருட அனுபவத்தையே கேட்கிறார்கள். பட்டம் வாங்கி ஆறு வருடத்துக்கு மேல் ஆகியிருக்கக் கூடாது. கடன் மனுவோடு வரும் விவசாயிகளை இரண்டு வருடம் எதிரே உட்கார வைத்துப் பேசிவிட்டுப் போகிறவர் வகுப்பில் வேறு மாதிரி கேள்வி கேட்பார். ஒன்றை மட்டும் யோசியுங்கள். நம் ஊர் வேளாண் பல்கலைக்கழகத்திலேயே ஆசிரியராக வேண்டும் என்பது உங்கள் கனவானால், கோவையில் எம்.எஸ்சி. படித்து நெட் எழுதிவிட்டு முனைவர் பட்டத்துக்கு வெளிநாடு போவது நேர்வழி. இது உங்கள் கடிதத்தில் தெளிவாக இல்லை.

ஏஜென்சியில் திரும்ப அழைத்தால், உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கிறோம், முடிவு தெரிந்த பிறகு பேசலாம் என்று சொல்லிவிடுங்கள். 'இந்த மாதத்துக்குள்' என்பதை அடுத்த மாதமும் சொல்வார்கள்.

நோக்கக் கடிதத்தைத் திருத்தி அனுப்புங்கள், பார்க்கிறேன். அதற்கு முன்னால் இன்றைக்கே நோட்டின் எல்லாப் பக்கத்தையும் போனில் படம் எடுத்து இரண்டு இடத்தில் சேமித்து வையுங்கள். உங்கள் பக்கத்து மழையைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. அப்பாவிடம் கேட்டுவிட்டு எடுங்கள். கூலி ஏன் எழுதவில்லை என்றும் அப்போதே கேளுங்கள், அவர் சொல்வதை அவர் வார்த்தையிலேயே ஓரத்தில் குறித்துக்கொள்ளுங்கள்.